அசரீரி

"கையை எடுங்க! எடுங்கன்னா எடுங்க!"

காதுக்குள் வெடித்த குரலில் டாக்டரம்மா வெலவெலத்துப் போனாள். ஸ்டேப்ளரின் விசையிலிருந்து விரல் தானாக விலகியது. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் இரைப்பையில் பின்கள் வரிசையாக இறங்கி, நடுவே கத்தியும் ஓடியிருக்கும்.

"என்ன சார்? எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"சரியா இருக்கா? மூக்கு வழியா விட்ட மெல்லிசுக் குழாய் எங்கே?"

டாக்டரம்மா மயக்க மருந்து கொடுப்பவரைப் பார்த்தாள். அவர் நோயாளியின் தலைமாட்டில் குனிந்து பார்த்தார். முகம் பேயறைந்தது போல் ஆயிற்று.

"ஐயையோ, உள்ளேதான் இருக்கு மேடம். நீங்க எடுக்கச் சொல்வீங்கன்னு இருந்தேன்."

"எடுத்திருப்பீங்கன்னு நான் இருந்தேன்."

"நல்லா இருந்தீங்க ரெண்டு பேரும்!" என்றது குரல். "குழாயையும் இரைப்பையையும் சேர்த்து வச்சுத் தச்சிருப்பீங்க. அப்புறம் அந்தம்மா மூக்கிலேருந்து அதை யார் உருவுறது? உங்க தாத்தாவா?"

குடல்வாலும் பித்தப்பையும் என்றால் டாக்டரம்மாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் உடல் எடை குறைய இரைப்பையைச் சுருக்குகிற இந்த வேலை புதிது. அதற்காகத்தான் ஆஸ்பத்திரி நிர்வாகம் இந்த ஆளைப் பிடித்திருந்தது. எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, வயிற்றுக்குள் விட்ட கேமரா காட்டும் படத்தைப் பார்ப்பான். திரையில் மஞ்சள் கோடு போட்டு, இங்கே வெட்டு, அங்கே விடு என்று காதில் சொல்வான். ஆளை யாரும் பார்த்ததில்லை. ஒருமுறை முகத்தைக் காட்டச் சொன்னதற்கு, "என் மூஞ்சியை வச்சு என்ன பண்ணப் போறீங்க? வயித்தைப் பாருங்க" என்று வாயை அடைத்துவிட்டான். அன்றிலிருந்து ஆபரேஷன் தியேட்டரில் அவனுக்கு அசரீரி என்று பெயர். கோபம் வந்தால் புஸ் புஸ்ஸென்று மூச்சு மட்டும் கேட்கும். யாரோ நரைத்த தலை சிடுமூஞ்சி என்றுதான் டாக்டரம்மா நினைத்திருந்தாள்.

இன்று தேறினால் இனி அவள் தனியாகச் செய்யலாம். அவள் பயம் அதைப் பற்றியதல்ல. பின்கள் போட்ட இடத்தில் துளி கசிந்தாலும் வயிறெல்லாம் சீழ் வைக்கும், ஆள் பிழைப்பதே கஷ்டம். தியேட்டர் வாசலில் நோயாளியின் மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவைப் பத்திரமாத் திருப்பிக் குடுத்துடுங்க ஆன்ட்டி" என்று சொன்னது இன்னும் காதிலேயே நின்றது.

மெல்லிய குழாய் வெளியே வந்தது.

"கை நடுங்குது சார். வேற யாரையாவது..."

"நடுங்கட்டும். எனக்கு நடுங்காத கையைக் கண்டாத்தான் பயம். அழுத்துங்க."

அழுத்தினாள். கோடு பிசகாமல் பின்கள் இறங்கின. அடுத்து கசிவுச் சோதனை. சைக்கிள் கடையில் பஞ்சர் பார்ப்பது மாதிரிதான். சுற்றிலும் தண்ணீர் விட்டு, உள்ளே காற்றடித்துப் பார்த்தார்கள்.

ஒரு குமிழி மேலே வந்தது.

தியேட்டரில் யாரும் மூச்சு விடவில்லை. காதுக்குள் மட்டும் புஸ் புஸ்ஸென்று கேட்டது. மறுபடி காற்றடித்தார்கள். ஒன்றும் வரவில்லை.

"வெளியில ஒட்டிக்கிட்டிருந்த காத்து அது. விடுங்க, மூடிடலாம்" என்றது அசரீரி.

"அங்க ஒரு தையல் போட்டுடறேன் சார்."

"தேவையில்லைங்கிறேன்!"

"தேவையில்லாமலே இருக்கட்டும். எனக்குப் பயமா இருக்கு. நான் போடத்தான் போறேன்."

அவனிடம் அவள் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. சரி, தொலைந்தோம் என்று நினைத்துக்கொண்டே ஊசியைக் கேட்டு வாங்கினாள். தையல் விழுந்து, முடிச்சும் விழுந்தது.

"முடிச்சிட்டீங்களா?" என்றது அசரீரி. "சரி. இனிமே நான் வேண்டாம் உங்களுக்கு."

பாராட்டா, கைகழுவலா என்று கேட்பதற்குள் இணைப்பு அறுந்தது.

அம்மா நன்றாக இருக்கிறாள் என்று மகளிடம் சொல்லிவிட்டுத் திரும்பியபோது நர்ஸ் ஓடிவந்தாள். "மேடம், உங்க ரூம்ல காலையிலேருந்து ஒரு பேஷன்ட் உட்கார்ந்திருக்கார். நிர்வாகத்துலேயே சொல்லி அனுப்பினாங்களாம். நாற்காலி பத்தலைன்னு பெஞ்ச் போட்டுக் கொடுத்தோம். கதவைச் சாத்திக்கிட்டவர் திறக்கவே இல்லை."

"இன்னைக்கு முடியாதும்மா. நாளைக்கு வரச் சொல்லு."

"சொன்னேன் மேடம். பார்த்துட்டுத்தான் போவேன்னு அடம் பிடிக்கிறார்."

அலுப்போடு கதவைத் திறந்தாள். பெஞ்ச் முழுவதையும் அடைத்துக்கொண்டு ஓர் இளைஞன். அவளுடைய தம்பியைவிடச் சின்னவனாக இருப்பான். எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கியது.

அந்த மூச்சைக் கேட்டதும் டாக்டரம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்போதுதான் அவன் கழுத்தில் தொங்கிய ஹெட்போனும் பக்கத்திலிருந்த லேப்டாப்பும் கண்ணில் பட்டன.

"எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்துட்டேன். விடுங்கன்னதும் எல்லாரும் விட்டுட்டாங்க, நீங்க ஒருத்தர்தான் விடலை" என்றான். மடியில் கோத்திருந்த கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. "என் வயித்தையும் நீங்களே பண்ணிடுங்க அக்கா, எனக்கு ரொம்பப் பயமா இருக்கு... அந்த மெல்லிசுக் குழாயை மட்டும் மறந்துடாதீங்க."