இலை இலையாக

விமர்சகர் அரைக்கண் மூடி ஓவியத்தை ரசித்தார். "ஆறு, மரம், வானம் எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கரையுது. கோடே இல்ல, வெறும் மூட்! இந்த டெக்னிக்கை எங்க பிடிச்சீங்க?"

வாட்டர் கலரில் இலை இலையாக ரெனால்ட் தீட்டியதையெல்லாம் 'காலண்டர் படம்' என்று திருப்பி அனுப்பியவர் இவர்தான்.

"இதே மாதிரி நிறைய கொண்டாங்க. மாட்டுங்காவில தனிக் கண்காட்சியே வச்சிடலாம்."

தாராவியில் மனைவி லிசா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "புதுப் படத்தப் பாத்தாரா?"

"அதப் பிரிக்கவே இல்லட்டி. நனையாம இருக்க மேல ஒரு பழைய படத்தச் சுத்தித் தந்தியே, அதுதான் பிரமாதமாம்."

"கூரை ஒழுகி நாசமாப் போச்சே, அதுவா? வெளங்கும்!"

மழை இருட்டிக்கொண்டு வந்தது. ரெனால்ட் மிச்சப் படங்களைத் தரையில் பரப்பினான். பிறகு கூரைமேல் ஏறித் தார்ப்பாயை அவிழ்த்தான்.