மணிமாறன் சொன்ன மழை

கொட்டுகிற மழையில் பத்துப் பதினைந்து பேர் தன் வீட்டை நோக்கி வருவதைப் பார்த்ததும் மணிமாறன் முதலில் தேடியது சீப்பைத்தான்.

"சத்யா! ஊரே தெரண்டு வருது பாரு. டீக்குத் தண்ணிய வை!"

அவர் மனைவி சத்யா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். முன்னால் வந்துகொண்டிருந்தவர் மேலத்தெரு சம்மந்தம், நாலு காணி விவசாயி. கையில் வாய் கட்டிய பிளாஸ்டிக் பை ஒன்று கனமாகத் தொங்கியது.

"கையில இன்னா அது?"

"சால்வைதான். நனையக்கூடாதுன்னு கவர்ல போட்டு எடுத்தாறாங்க" என்றார் மணிமாறன், வகிடு எடுத்தபடியே.

முப்பது வருடம் வீடு வீடாக மின்சார மீட்டரைப் பார்த்த கண்கள், ஓய்வு பெற்ற மறுநாளே வானத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தன. புரட்டாசி பாதி தாண்டினால் பாகூரில் மழைக்கு நேரம் காலம் கிடையாது. அதற்கு ஒரு நேரம் காலம் குறித்துக் கொடுக்கத் தன்னை விட்டால் ஆளில்லை என்று அவருக்குத் தோன்றிவிட்டது. தும்பி பறக்கிற உயரம், ஏரிப் பக்கத்துக் காற்று, தன் இடது முழங்கால் வலி ஆகியவற்றை வைத்து 'பாகூர் வானிலை' வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் காலை ஏழு மணிக்குக் குரல் பதிவு போடுவார்.

இயற்கைக்கு அவர்மேல் என்ன கோபமோ தெரியவில்லை. புயல் வருகிறது, கதவைத் திறக்காதீர்கள் என்று அவர் எச்சரித்த அன்று ரோட்டில் தார் உருகியது. ஒரு சொட்டுகூட விழாது என்று அடித்துச் சொன்ன அன்று பஸ் ஸ்டாப்பில் முழங்கால் அளவு தண்ணீர்.

ஆனாலும் மூன்று வருடத்தில் ஒருத்தர்கூட குரூப்பை விட்டு விலகவில்லை. பதிவு ஐந்து நிமிடம் தாமதமானால் போதும், "அண்ணா, இன்னிக்கி இன்னா சொல்ற?" என்று போன்மேல் போன். இது மரியாதை இல்லையென்றால் வேறு எதுதான் மரியாதை?

பதிவைக் கேட்டதும் தெருவே பரபரப்பாகிவிடும். போன வாரம் 'இன்று சுட்டெரிக்கும் வெயில்' என்று அவர் சொன்ன கையோடு, எதிர்வீட்டுச் செல்வகுமாரி ஓடிவந்து மாடியில் பரப்பிய மிளகாயை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அதிக வெயிலில் நிறம் வெளுத்துவிடும் என்று பயப்படுகிறாள், கெட்டிக்காரி என்று மணிமாறன் மெச்சிக்கொண்டார்.

மெச்சாதது சத்யா மட்டும்தான். நேற்று சாயங்காலம் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"ஊரே சிரிக்குது. நாளைக்கும் பொய்யாப் போச்சின்னா அந்தக் குரூப்ப கலைச்சிடணும். இல்லன்னா உங்க போன தூக்கி ஏரியில போட்டுடுவேன்."

மணிமாறனுக்குப் பகீரென்றது. குரூப் போய்விட்டால் இந்த ஊரில் அவரை யார் தேடுவார்கள்?

அதனால்தான் இன்று காலை, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கேவலமான காரியத்தைச் செய்தார். தும்பியையும் முழங்காலையும் ஓரங்கட்டிவிட்டு, ரேடியோவில் அரசாங்கம் சொன்ன வானிலை அறிக்கையை அப்படியே காப்பியடித்து, தன் சொந்தக் கண்டுபிடிப்பு மாதிரி ஒப்பித்தார்.

"வணக்கம், பாகூர் வானிலை மணிமாறன் பேசறேன். இன்னிக்கி பதினோரு மணிக்கு மேல பலத்த மழை. சந்தேகமே வேணாம்."

பத்தரை மணிக்கு வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. சத்யா அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்றே காலுக்கு ஏரிப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது, அடுத்த நிமிடம் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. மணிமாறன் வாசலில் இறங்கி, நனைந்தபடியே நாலு குதி குதித்தார். சத்யா வாயே திறக்கவில்லை. கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் அவருக்குக் கிடைத்த பெரிய விருது அதுதான்.

இப்போது அடுத்த விருது வாசலுக்கே வந்துவிட்டது. கூட்டம் சொட்டச் சொட்ட நடையில் ஏறி நின்றது. மணிமாறன் சால்வைக்குத் தோதாகக் கழுத்தைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தார்.

"எதுக்குப்பா இதெல்லாம்? ஏதோ எனக்குத் தெரிஞ்சத சொல்றேன், அவ்ளோதான்."

சம்மந்தம் பையைப் பிரித்து அவர் காலடியில் கவிழ்த்தார். ஊறிப்போன நெல் சேறும் சகதியுமாகப் பொத்தென்று தரையில் விழுந்தது.

செல்வகுமாரி முகத்தில் எது மழை, எது கண்ணீர் என்று தெரியவில்லை.

"பாருண்ணா! முந்தாநாள் அறுத்த நெல்லு. எங்க எல்லாரோடதும் ரோட்ல வரிசையா காயப் போட்டிருந்திச்சி. மொத்தமும் வாய்க்கால்ல அடிச்சிக்கினு போச்சி. வாரிப் பாத்ததுல கெடச்சது இதான்."

சால்வை இல்லை என்பது மணிமாறனுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. நெல்லைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, நிஜமாகவே மனசு கஷ்டப்பட்டது. ஆனாலும் சொன்னது பலித்த மனுஷனுக்கு வருகிற மிதப்பை அவரால் அடக்க முடியவில்லை.

"அதான் காலையிலயே படிச்சிப் படிச்சி சொன்னேனேம்மா, மழை வரும்னு! ஒருத்தராவது என் பேச்சக் கேட்டீங்களா?"

"கேட்டுட்டுதாண்ணா தைரியமா ரோட்ல கொட்டுனோம்!"