மைத்துனன் வாங்கிக் கொடுத்த டாக்

“நல்லாப் பாத்துக்குங்க மாமா. இதோ செருகறேன்.”

பெரிய திரை, கீபோர்டு, மவுஸ் மூன்றையும் ஒரே கேபிளால் மடிக்கணினியோடு இணைக்கும் சிறு பெட்டி அந்த டாக். அதன் கேபிளை மடிக்கணினியில் செருகினான் மைத்துனன். பக்கத்திலிருந்த பெரிய திரை ஒருமுறை மினுங்கியது. மறுகணம் இரண்டு திரைகளும் இருண்டன. மீண்டும் வெளிச்சம் வந்தபோது கணினி கடவுச்சொல் கேட்டு நின்றது. திறந்து வைத்திருந்த படங்களில் ஒன்றையும் காணோம்.

“இதுதான் உங்க லினக்ஸோட லட்சணம்! ஓசியில வந்தது வேற எப்படி இருக்கும்? இன்னிக்கே அழிச்சிட்டு வேற ஒண்ணு போட்டுடறேன்.”

சட்டைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தான்.

மாமியாரின் அந்தக் கணினியில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தவர் மாப்பிள்ளை. ஒரு பெரிய அலுவலகத்தின் கணினிகளையெல்லாம் கட்டி மேய்ப்பவர். கணினி விஷயத்தில் அந்த வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் இருந்ததில்லை.

“அவரை ஏண்டா சொல்றே? நான்தான் எதையாவது நோண்டி வச்சிருப்பேன்,” என்றார் மாமியார்.

“நீ சும்மா இரும்மா. மாப்பிள்ளைன்னா உனக்குத் தலையில தூக்கி வச்சுக்கணும்.”

மாமியார் பள்ளிப் பாடநூல்களுக்கு வடிவியல் படங்கள் வரைபவர். அவர் கைக்குப் பழகிய வரைபட மென்பொருள் லினக்ஸில்தான் ஓடும். அதை அழித்தால் தொழிலையே முதலிலிருந்து பழக வேண்டும்.

மாப்பிள்ளை அசரவில்லை.

“மச்சான், நீ போய் டீ போட்டுக்கிட்டு வா. அதுக்குள்ள குற்றவாளி யாருன்னு சொல்லிடறேன்.”

“இவன் போட்ட டீயை யார் குடிக்கறது?” என்று மாமியாரும் பின்னாலேயே எழுந்து போனார்.

மாப்பிள்ளை வேலையைத் தொடங்கினார். டாக் இல்லாமல் கணினியை ஓட்டினார்: பழுதில்லை. பெரிய திரையை நேராகக் கணினியில் மாட்டினார்: பழுதில்லை. கீபோர்டையும் மவுஸையும் மட்டும் டாக்கில் கோத்துப் பார்த்தார்: அப்போதும் பழுதில்லை. பெரிய திரையின் கேபிள் டாக்கில் நுழைந்ததுதான் தாமதம், எல்லாம் படுத்துவிட்டது.

கடைசியாகத் தம் அலுவலக மடிக்கணினியை எடுத்து அதே டாக்கில் செருகினார். அதில் லினக்ஸ் கிடையாது. அதுவும் கண்ணை மூடிக்கொண்டது.

ஆக, லினக்ஸ் நிரபராதி.

டாக்கைத் திருப்பிப் பார்த்தார். அடிப்புறத்துத் திருகுகளின் தலை தேய்ந்திருந்தது. யாரோ பிரித்து மூடிய பழைய சாமானைப் புதிது என்று சொல்லி மைத்துனன் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

“பிடிச்சுட்டேன்!” என்று கூவ வாயெடுத்தவர், அப்படியே அடக்கிக்கொண்டார்.

நெடுநாள் வேலையில்லாமல் இருந்து, பார்க்கிறவர்களின் விசாரிப்புக்கெல்லாம் கூனிக்குறுகிப் போயிருந்த பையன், முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தது அந்த டாக்.

பெரிய திரையின் கேபிளை மேசைக்குப் பின்புறமாகக் கொண்டுபோய், கண்ணில் படாதபடி நேராகக் கணினியில் மாட்டினார். கீபோர்டும் மவுஸும் டாக்கிலேயே இருந்தன. படங்களைத் திரும்பத் திறந்துவிட்டு, பெரிய திரையை மட்டும் அணைத்து வைத்தார்.

டீ வந்தது.

“என்ன மாமா, குற்றவாளி மாட்டிக்கிட்டாரா?”

“மாட்டிக்கிட்டார். நான்தான். லினக்ஸ் போடும்போது ஒரு செட்டிங்கைக் கோட்டை விட்டுட்டேன். இப்ப செருகிப் பாரு.”

மைத்துனன் டாக்கின் கேபிளைச் செருகினான். அதே கணத்தில் பெரிய திரையின் பொத்தானைச் சத்தமில்லாமல் அழுத்தினார் மாப்பிள்ளை. திரை பளிச்சென்று ஒளிர்ந்தது. முக்கோணங்களும் வட்டங்களும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன.

“அப்ப என் டாக் நல்லாத்தான் இருக்கு?”

“உன் டாக்குக்கு என்னடா குறைச்சல்?”

“அத்தனை கம்ப்யூட்டரைக் கட்டி மேய்க்கிற ஆளு, வீட்டுக் கம்ப்யூட்டர்ல கவுந்துட்டீங்களே மாமா! அக்காகிட்ட சொல்லாம விடமாட்டேன்.”

“தாராளமாச் சொல்லு. ஆனைக்கும் அடி சறுக்கும்.”

பென் டிரைவ் சட்டைப்பைக்குத் திரும்பியது. சீட்டியடித்துக்கொண்டே படியிறங்கிப் போனான் மைத்துனன்.

அவன் தலை மறைந்ததும் மாமியார் மேசைக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். கேபிளை விரலால் தொட்டு, அது போகும் வழியைத் தொடர்ந்தார்.

“அத்தை, அது வந்து...” என்று இழுத்தார் மாப்பிள்ளை.

“நானும் தினம் இப்படி நேரா மாட்டித்தான் வரையறேன், மாப்பிள்ளை. மறைச்சு மாட்டற தந்திரம்தான் எனக்குத் தெரியலை. அதனால அவன் வர்ற அன்னிக்கு மட்டும் எல்லாத்தையும் சேவ் பண்ணிட்டு, கேபிளை டாக்குல மாத்தி வச்சிடுவேன்.”

“கம்ப்யூட்டர் படுத்துடும்னு தெரிஞ்சேவா?”

“படுத்துட்டா, நான் நோண்டிட்டேன்னு சொல்லிக்கலாம். அவன் வாங்கிக் கொடுத்தது சும்மா கிடந்தா, அவனுக்கு என்னன்னு சொல்றது?”