குடும்பத்தோடு பார்க்கும் படம்

குணாளன் தன் தில்லைநகர் வீட்டு மாடியில் அமைத்த தியேட்டர் அறைக்கு முகம் பார்க்கத் தெரியும். ஒருவர் முகம் சுளித்தாலும் போதும், அந்தக் காட்சியை வெட்டிவிடும். குடும்பத்தோடு பார்க்கும்படி இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கியவரே அவர்தான். மனைவி மரகதம் சமைத்துக்கொண்டே பார்க்கட்டும் என்று அடுப்படியிலும் ஒரு திரை, ஒரு கேமரா.

முதல் நாள், இரண்டரை மணி நேரப் படம் ஏழு நிமிடத்தில் முடிந்தது. அதில் மூன்று நிமிடம் பெயர்ப் பட்டியல்.

மெக்கானிக் வந்து சோதித்தார். மரகதத்தை வெளியே நிற்கவைத்தால் படம் ஒன்பது நிமிடம் ஓடியது. மகள் யாழினியை நிற்கவைத்தால் பத்து. குணாளனை நிற்கவைத்தால் இரண்டு மணி இருபது நிமிடம்.

"அப்ப சார்தான்," என்றார் மெக்கானிக், ரொம்ப மரியாதையாக.

"நீங்க பாருங்க, நான் கீழ போயி காபி போடறேன்," என்று குணாளனே இறங்கிவிட்டார்.

பால் பொங்கும்போது மாடியில் அம்மாவும் மகளும் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. அப்படி என்னதான் இருக்கிறது என்று அடுப்படித் திரையை எட்டிப் பார்த்தார். இதற்கா சிரிப்பு என்று முகம் சுளித்தார்.

மாடியில் சிரிப்பு சட்டென்று நின்றது.

"அம்மா, மறுபடியும் வெட்டிருச்சு!"

"அப்பாவ தெருமுனை வரைக்கும் போயிட்டு வரச் சொல்லுடி, படம் முடியட்டும்!"