சிவப்புக் கோடு

கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள் அந்தப் பெண். காலில் சேறு அப்பிய ரப்பர் பூட்ஸ். பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு வரவேண்டும் என்பது ஆட்டுப் பண்ணைகள் சூழ்ந்த எங்கள் ஊரான பால்க்ளூதாவில் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

எங்கள் பேச்சுப் பயிற்சிச் சங்கம் செவ்வாய்க்கிழமை மதியம் நூலகத்தின் பின்னறையில் கூடும். அன்று ஒருவர் 'கவனம் சிதறாமல் இருப்பது எப்படி' என்று பேசிக்கொண்டிருந்தார். எல்லோர் கவனமும் வாசல் பக்கம் போய்விட்டது.

"மன்னிச்சுக்கணும். நான் கிர்ஸ்டி. மர்ரேயோட பொண்ணு."

பக்கத்தில் இருந்த ட்ரெவர் என் காதைக் கடித்தார். "இவதானா அது? ஆறு வருஷமா அப்பனுக்கு ஒரு போன் கிடையாது. இப்ப பண்ணையை விக்கணும்னதும் பிரிஸ்பேன்லேருந்து பறந்து வந்துட்டா பாருங்க, நோலின்."

எனக்கும் அதேதான் தோன்றியது.

மர்ரே இறந்துபோய் இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஆடுகள் குட்டி போடும் சமயம். மழையில் மந்தையைப் பார்க்கப் போனவரின் நாலு சக்கர பைக் சரிவில் கவிழ்ந்துவிட்டது.

மே மாதம்தான் சங்கத்தில் சேர்ந்தார். எழுபது வயது. நாயோடும் ஆடுகளோடும் மட்டுமே பேசிப் பழகிய மனுஷர்.

"இந்த வயசுல எதுக்கு மர்ரே இதெல்லாம்?" என்று கேட்டேன்.

"ஒருத்தர்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும், நோலின். போனைக் கையில எடுத்தா பேச வரமாட்டேங்குது."

யாரிடம், என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை. என் கவலை வேறு. பேசுகிறவர் 'அ...', 'வந்து...' என்று இழுக்கும்போதெல்லாம் மணியடித்து, எத்தனை தடவை என்று எழுதவேண்டும். மணி வாராவாரம் கை மாறும். ஆனால் என் கைக்கு வரும் வாரம்தான் எல்லோரும் நாலு தடவை ஒத்திகை பார்த்துவிட்டு வருவார்கள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் குப்பை கொட்டியவள் இல்லையா!

மர்ரேயின் முதல் பேச்சுக்கு நாலு தடவை மணியடித்தேன். நாலு தடவையும் ஒரே வார்த்தையில் போய் முட்டிக்கொண்டு நின்றார்.

"முட்டுற வார்த்தையை எடுத்துடுங்க, மர்ரே. எல்லாம் சுத்தமாயிடும்."

அவர் தலையைச் சொறிந்தார். "அதை எடுத்துட்டா அப்புறம் என்ன இருக்கு?"

"பேச்சு இருக்குல்ல!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் கையிலிருந்த தாளை வாங்கித் திருத்திக் கொடுத்தேன்.

ஜூலையில் அதையே மறுபடி பேசினார். ஒரு மணிகூட அடிக்க வேண்டியிருக்கவில்லை. சிறந்த பேச்சுக்கான நீல ரிப்பனை நானே அவர் சட்டையில் குத்திவிட்டேன். மனுஷர் டீயோடு வைத்திருந்த சீஸ் ரோலைக்கூடத் தொடாமல் கிளம்பிப் போனார். கூச்சம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நீல ரிப்பன் இப்போது கிர்ஸ்டியின் கையில் இருந்தது. கூடவே மடித்த தாள்.

"அப்பாவோட கோட்டுப் பையில இருந்துச்சு. இங்க பேசினாராமே. என்ன பேசினாருன்னு யாராவது சொல்லுங்களேன்."

"அருமையான பேச்சும்மா," என்றார் ட்ரெவர். "ஆறு நிமிஷம் பன்னெண்டு செகண்ட். நான்தான் நேரம் பார்த்தேன்."

"சரிங்க. என்ன சொன்னாரு?"

"கையைப் பாக்கெட்டுல விடாம பேசினாரு," என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"என்ன சொன்னாரு?"

இருபது பேர் இருந்தோம். எல்லோரும் அன்றைக்கு அங்கேதான் இருந்தோம். "பனியைப் பத்தி ஏதோ... ஆட்டைப் பத்தி..." என்று ஒருவர் இழுத்தார்.

கிர்ஸ்டி தாளைப் பிரித்தாள்.

"பனி கொட்டின வருஷம் நானும் அப்பாவும் ராவெல்லாம் குட்டிங்களைத் தோண்டி எடுத்தோம். எனக்கு அப்ப ஒம்பது வயசு. அந்தக் கதைதான் எழுதியிருக்காரு." தாளிலிருந்து கண்ணை எடுத்தாள். "அம்மா சாவுக்கு நான் வரலை. அதுலேருந்து ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல. தப்பு என்மேலதான். இதுல நாலு இடத்துல என் பேரை எழுதியிருக்காரு. அப்புறம் நாலையும் சிவப்பு மையில அடிச்சிருக்காரு. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். கடைசிவரைக்கும் அவருக்கு என்மேல கோபம் தீரலையா?"

தாளைத் தூக்கிக் காட்டினாள்.

அளவுகோல் வைத்து இழுத்த நாலு நேர்க்கோடுகள். மர்ரேயின் நடுங்கும் கை அப்படி ஒரு கோடு போடவே போடாது. என் சிவப்புப் பேனா இப்போதும் என் கைப்பையில்தான் இருந்தது. கிர்ஸ்டி யார் என்று அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை எனக்கு. அவருடைய நாயின் பெயராக இருக்கும் என்று நினைத்தேன்.

எழுந்து நின்றேன். சொல்லவேண்டியது ஒரே ஒரு வரி: அடிச்சது அவரில்லை, நான். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"அ... வந்து..."

அந்த வாரம் மணி ட்ரெவரிடம் இருந்தது. பழக்கதோஷத்தில் டிங் என்று அடித்துவிட்டார்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

கிர்ஸ்டி தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"பரவாயில்லைங்க. தீரலைன்னு புரிஞ்சுடுச்சு," என்றாள்.