நுரையில் என்ன இருக்கிறது

வியன்னாவில் தேவாலயக் கோபுரத்தின் நிழல் எங்கள் மேசையைத் தொடுகிறது. பிராக்கிலிருந்து கிளம்பிய நாங்கள் நால்வரும், அந்தக் கோபுரத்தில் படியேறி இறங்கிய கால்வலியோடு, தட்டை மீறித் தொங்கும் வறுத்த இறைச்சியின் முன் பீர்க் கோப்பைகளை உயர்த்துகிறோம். எங்கள் ஊர் வழக்கப்படி கோப்பையை இடிக்கும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்தாக வேண்டும். என் தோழி பிளாங்கா என் கண்ணைப் பார்த்து இடிக்கிறாள். இன்னொரு தோழி இவெதாவின் கண்ணையும் பார்க்கிறாள். என் கணவன் ராதிமிடம் வரும்போது மட்டும் அவளும் அவனும் குனிந்து நுரையைப் பார்க்கிறார்கள். “நுரைக்குள்ள என்ன தேடுறீங்க ரெண்டு பேரும்?” என்கிறேன். ராதிம் சுத்தமான கத்தியைத் துடைக்கிறான். “விடுடி, சாப்பாடு ஆறுது” என்கிறாள் இவெதா. அவள் மட்டும் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், எனக்குத் தெரிந்துவிட்டதா என்று.