அக்கா வந்திருக்கா

புது பெல்ட் காலையிலிருந்தே மானேஜரின் இடுப்பை எரித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து கிளார்க்கின் போன். அக்கா வந்திருப்பதால் இரண்டு வாரம் லீவு வேண்டுமாம்.

"போன மாசம் ஃப்ளூன்னு லீவு. நான் இருமிக்கிட்டே ஆபீஸ் வந்தேன். இப்ப அக்காவா?"

"அந்த ஃப்ளூவாலதான் வந்திருக்கும்னு டாக்டர் சொல்றார் சார்."

"உங்க அக்கா வர்றதுக்கும் டாக்டருக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"அய்யோ, அக்கா இல்ல சார், அக்கி! சின்ன வயசுல வந்த அம்மை, உடம்பு அசந்த நேரம் பார்த்துத் திரும்பக் கிளம்புமாம். இடுப்புல ஒரு பக்கம் மட்டும் நெருப்பா எரியுது."

மானேஜர் பெல்ட்டைக் கழற்றினார். எரிச்சல் நிற்கவில்லை. தடவிப் பார்த்தார். இடது பக்கம் மட்டும்தான்.

"எந்த டாக்டர்யா?" என்றார், குரலைத் தாழ்த்தி.